கேழ்வரகு மாவில் குட்டி சமோசா: கண்ணை நம்பாதீங்க, காதை நம்புங்க

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் எடுத்துட்டோம்.)

இன்னைக்குப் பார்ட்டிக்குச் செய்யற குட்டி சமோசா பத்திப் பேசப்போறோம். உருளைக்கிழங்கும் பட்டாணியும் அடைச்ச பெரிய சமோசா இல்ல. டீக்கடை கண்ணாடிப் பெட்டியிலயும் ரயில் கூடையிலயும் பார்ப்பீங்களே, மெல்லிசான தோல், உள்ள வெங்காயம், ரெண்டு கடியில முடிஞ்சிடும். அந்தச் சமோசா. அதோட தோலில் கால் பங்கு கேழ்வரகு மாவு சேர்த்தா என்ன ஆகும், அதை எப்படிச் சமாளிக்கிறது, அதை வச்சு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது. இவ்வளவுதான் விஷயம்.

ஏன் கேழ்வரகுன்னு கேட்டா, எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். எங்க ஊர்ப் பேச்சுல அதுக்குக் கேவுரு. சித்தி வீட்டிலேயே பலகாரம் செஞ்சு கொடுக்கிறாங்க. பிறந்தநாள், வளைகாப்பு, ஆபீஸ் மீட்டிங் மாதிரி சின்னச் சின்ன ஆர்டர்கள். அவங்க சமையலறை அலமாரியில எப்பவும் கேழ்வரகு மாவு இருக்கும். 2023-ல நீலகிரி, தருமபுரி ரெண்டு மாவட்டத்திலயும் ரேஷன் கடையில மாசம் 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு கொடுக்கற திட்டத்தை அரசு ஆரம்பிச்சது. அதுக்காக விவசாயிகள்கிட்ட இருந்தே நேரடியா கொள்முதல் பண்ணாங்க. 2022-23-க்கு மத்திய அரசு அறிவிச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3578 ரூபாய், அதாவது கிலோ 36 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழ. அதே 2023-ஐத்தான் ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சது. அதுக்கப்புறம் நகரத்துல எந்த பேக்கரிக்குப் போனாலும் மில்லட் குக்கீ, மில்லட் பஃப்ஸ். ஊர்ல என்னடான்னா, களி சாப்பிட்டு வளர்ந்த வீட்டுப் பசங்களே தட்டுல களி உருண்டையைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க. அலமாரியில மாவு மட்டும் அப்படியே இருக்கு.

சித்தியோட யோசனை இங்கதான் ஆரம்பிச்சது.

சமோசாவுக்குப் பெரிய பூர்வகதை இருக்கு. சுருக்கமா சொல்லிடறேன். 14-ஆம் நூற்றாண்டுல முகமது பின் துக்ளக்கோட டெல்லிக்கு வந்த இபின் பதூதா, அரண்மனை விருந்துல கொத்துக்கறி, பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலா எல்லாம் மெல்லிய ரொட்டியில மடிச்சு நெய்யில பொரிச்சுப் பரிமாறினதை எழுதி வச்சிருக்கார். உருளைக்கிழங்கு அதுல இல்ல, இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துல இருந்து ரொம்பப் பின்னாடிதான் இந்தியாவுக்கு வந்தது. அதனால ‘உண்மையான சமோசான்னா உருளைக்கிழங்கு’ன்னு யாராவது சண்டைக்கு வந்தா, மெல்லிசான தோலும் வெங்காயமும் வச்ச நம்ம ஊர் சமோசாதான் அந்தப் பழைய விருந்துக்குக் கிட்ட நிக்குதுன்னு தைரியமா சொல்லுங்க. ரம்ஜான் மாசத்துல நம்ம ஊர் முஸ்லிம் வீடுகள்ல சமோசா ஷீட் தேய்ச்சு அடுக்கறதைப் பார்த்திருந்தா, நான் இனி சொல்லப்போற பாதி விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சே இருக்கும்.

தண்ணிக் கணக்கு

கறுமுறுன்னு இருக்கிறதுக்கு ஒரே அர்த்தம்தான். தோலில் தண்ணி இல்ல. நமுத்துப் போறதுன்னா, தண்ணி திரும்ப வந்திடுச்சு. இந்த ஒரு கணக்கை மனசுல வச்சுக்கிட்டா சமோசாவுல ஒவ்வொரு வேலையும் எதுக்குன்னு புரியும்.

முதல்ல உள்ள வைக்கிற வெங்காயம். வெங்காயத்துல எடைக்கு 85 சதவீதத்துக்கு மேல தண்ணிதான். 350 கிராம் வெங்காயம் நறுக்கினா அதுக்குள்ள 300 மில்லி தண்ணி, ஒரு பெரிய டம்ளர் நிறைய. அதுல உப்பு பட்ட உடனே தண்ணி வெளிய வர ஆரம்பிக்கும். உப்பு போட்டு மசாலா கலந்து வச்சுட்டு, அப்புறம் நிதானமா ஷீட் தேய்க்க உட்கார்ந்தா, பாத்திரத்துல பாதி குழம்பா இருக்கும். டீக்கடை மாஸ்டர்கள் இதுக்கு ஒரு எளிய வழி வச்சிருக்காங்க: அவல். 350 கிராம் வெங்காயத்தை மெல்லிசா நீளவாக்குல நறுக்கி, உப்பு போட்டுப் பிசிறி, 10 நிமிஷம் வச்சு ஒட்டப் பிழிஞ்சிடணும். அப்புறம் 60 கிராம் மெல்லிசு அவலை நனைக்காம அப்படியே போட்டு, மிளகாய்த்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி சேர்த்துக் கலந்துடுங்க. மிச்சம் கசியற தண்ணியை அவல் குடிச்சிடும், தானும் மெத்துன்னு ஆயிடும். தனியா ருசி காட்டாது. சாப்பிடறவங்களுக்கு அது உள்ள இருக்கிறதே தெரியாது.

வெங்காயம் வேண்டாம்னா, கொள்ளை ஊறவச்சு வேகவச்சு வடிகட்டி, ஒண்ணும் ரெண்டுமா மசிச்சு, வரமிளகாய் பூண்டோட வாணலியில சுருளச் சுருள வதக்கி வைக்கலாம். வடிச்ச தண்ணி ரசத்துக்கு. சித்திக்கு இதுதான் பிடிக்கும். பிறந்தநாள் பார்ட்டிக்கு வர்ற பசங்க வெங்காயத்தைத்தான் கேக்கறாங்க.

தோல்

மைதாவுல தண்ணி விட்டுப் பிசைஞ்சா அதுல இருக்கிற புரதங்கள் சேர்ந்து ரப்பர் மாதிரி ஒரு வலை பின்னும். அதுதான் குளூட்டன். மெல்லிசா தேய்ச்சாலும் கிழியாம இருக்கிறது அந்த வலையாலதான். கேழ்வரகுல குளூட்டன் கிடையாது. அந்த மாவைப் பச்சைத்தண்ணியில பிசைஞ்சு தேய்ச்சுப் பாருங்க, ஓரமெல்லாம் வெடிக்கும், மடிச்சா உடையும். நிறைய ரெசிபியில ‘மைதாவுக்குப் பதிலா ராகி மாவு சேர்க்கவும்’னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. எழுதினவங்க செஞ்சு பார்த்திருக்க மாட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா கேழ்வரகு மாவை ஒட்ட வைக்கத் தெரியாத ஊரா எங்க ஊரு? களி எப்படி உருண்டை நிக்குது? கொதிக்கிற தண்ணியில மாவு வேகும்போது, 70 டிகிரிக்குப் பக்கத்துல அதோட மாவுச்சத்து தண்ணியை உறிஞ்சி, ஊதி, பசையா மாறுது. குளூட்டன் இல்லாத இடத்துல அந்தப் பசைதான் பிடிமானம். கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் அரிசி மாவுல வெந்நீர் ஊத்தறதும் இதே காரணத்துக்குத்தான். ஆக, சமோசாத் தோலுக்கும் முதல் வேலை ஒரு சின்னக் களி கிண்டறதுதான்.

அளவு சொல்றேன், எழுதிக்கோங்க. கேழ்வரகு மாவு 60 கிராம், மைதா 180 கிராம். கேழ்வரகு மாவுல கால் ஸ்பூன் உப்பு போட்டு, தளதளன்னு கொதிக்கிற தண்ணி 80 மில்லி ஊத்திக் கரண்டிக் காம்பால கிளறுங்க. கட்டியா, களி மாதிரி ஆகும். மூடி வச்சு, கை பொறுக்கிற சூடு வந்ததும் மைதாவும் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயும் சேர்த்துப் பிசையுங்க. மேல 60, 70 மில்லி தண்ணி பிடிக்கும். ஒரேயடியா ஊத்தாம தெளிச்சுத் தெளிச்சுச் சேருங்க. சப்பாத்தி மாவை விட ஒரு பிடி கெட்டியா இருக்கணும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் விட்டுடுங்க.

கேழ்வரகு பங்கைக் கூட்டலாமான்னு கேப்பீங்க. மூணுல ஒரு பங்கு வரைக்கும் போகலாம், அதுக்கு மேல போனா மடிக்கிற இடத்துல விரிசல் விடுது. சித்தியோட கணக்கு நாலுல ஒண்ணு, அதுலயே நின்னுட்டாங்க. கம்பு மாவு போடலாமான்னும் கேப்பீங்க. போடலாம், ஆனா கம்புல கொழுப்பு அதிகம், அரைச்சு வச்சா சீக்கிரம் காரல் அடிக்கும். அன்னைக்கு அரைச்ச மாவா இருந்தா மட்டும்.

மாவை 16 உருண்டையா பிரிச்சு, ஒவ்வொண்ணையும் பூரி அளவுக்குத் தேய்ச்சுக்கோங்க. ஒரு பூரி மேல எண்ணெய் தடவி, மைதா தூவி, இன்னொரு பூரியை மேல வச்சு, ரெண்டையும் சேர்த்து ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிசா தேயுங்க. ரெண்டா சேர்த்துத் தேய்க்கறதுக்குக் காரணம், தனியா தேய்ச்சா இவ்வளவு மெல்லிசுக்குப் போறதுக்குள்ள கிழிஞ்சிடும். சூடான தோசைக்கல்லுல இந்தப் பக்கம் 15 செகண்ட், அந்தப் பக்கம் 15 செகண்ட். வேக வைக்கல, ஈரத்தை மட்டும் விரட்டறோம், புள்ளி விழக்கூடாது. கல்லுல இருந்து எடுத்த உடனே, சூடா இருக்கும்போதே ரெண்டையும் பிரிச்சிடுங்க. ஆறினா ஒட்டிக்கும். பிரிச்சதை அடுக்கித் துணி போட்டு மூடுங்க, இல்லன்னா காத்துல அப்பளமா காய்ஞ்சிடும்.

கல்லுல வாட்டற இந்த வேலையைத் தான் எல்லாரும் விட்டுடறாங்க. பச்சை மாவை அப்படியே மடிச்சு எண்ணெயில போட்டா, தோலுக்குள்ள இருக்கிற தண்ணி ஒரே நேரத்துல ஆவியாகி, மேல முத்து முத்தா கொப்புளம் கிளம்பும். டீக்கடை சமோசா வழுவழுன்னு இருக்கிறதோட ரகசியம் தோசைக்கல்லுதான்.

வட்டத்தோட ஓரத்தை வெட்டிட்டு, மூணு விரல் அகலத்துக்குப் பட்டைகளா வெட்டுங்க. ஒரு வட்டத்துக்கு 3 பட்டை, மொத்தம் 48. கிழிஞ்சது போக 45 நிச்சயம் தேறும். பட்டையோட ஒரு நுனியைக் குறுக்க மடிச்சுக் கூம்பு பண்ணி, ஒரு டீஸ்பூன் வெங்காயம் வச்சு, முக்கோணம் முக்கோணமா மடிச்சுட்டுப் போங்க. கடைசி ஓரத்துல மைதாப் பசை தடவி ஒட்டிடுங்க. மூணு மூலையிலயும் ஊசி ஓட்டை கூட இருக்கக்கூடாது. ஓட்டை இருந்தா எண்ணெய் உள்ள போகும், வெங்காயம் வெளிய வந்து கருகும்.

எண்ணெய்

கேழ்வரகு சேர்த்த சமோசாவுல ஒரு வில்லங்கம், ‘பொன்னிறமா வந்ததும் எடுக்கவும்’ங்கிற வழக்கமான பேச்சு இங்க செல்லாது. தோல் பச்சையா இருக்கும்போதே காப்பி நிறம். வெந்ததா, கருகுதான்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாது. காதாலதான் பார்க்கணும்.

சமோசாவை எண்ணெயில போட்டதும் சலசலன்னு சத்தம் வருதே, அது எண்ணெய் கொதிக்கிற சத்தம் இல்ல, தோலில் இருக்கிற தண்ணி ஆவியா வெளிய ஓடற சத்தம். அப்படி ஓடற வரைக்கும் அந்த ஆவியே எண்ணெயை உள்ள விடாம தள்ளிக்கிட்டு இருக்கும். தண்ணி தீரத் தீர குமிழி சின்னதாகி, சத்தம் அடங்கும். முழுசா அடங்கறதுக்கு ஒரு மூச்சு முன்னாடி எடுத்திடணும். மிதமான தீ, 160 டிகிரிக்குப் பக்கம். தெர்மாமீட்டர் இல்லன்னா ஒரு துண்டு பட்டையைப் போட்டுப் பாருங்க. அடியில போய் ரெண்டு செகண்ட் கழிச்சு மேல வந்தா சரி. போட்ட உடனே துள்ளிக்கிட்டு வந்தா சூடு அதிகம், தோல் நிறம் மாறிடும், உள்ள ஈரம் அப்படியே நிக்கும், பத்து நிமிஷத்துல நமுத்திடும்.

எண்ணெய் குடிக்கறதைப் பத்தியும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பலகாரம் எண்ணெயில கிடக்கும்போது குடிக்கிறதை விட, வெளிய எடுத்து ஆறும்போது குடிக்கிறதுதான் அதிகம். ஆறும்போது உள்ள இருக்கிற ஆவி சுருங்கி, தோல் மேல ஒட்டியிருக்கிற எண்ணெயை உள்ள இழுத்துக்கும். அதனால கண் கரண்டியில எடுத்த உடனே நல்லா உதறி, கம்பி வலை மேல நிக்க வையுங்க. குவிச்சுப் போடாதீங்க. நியூஸ்பேப்பர் வேண்டவே வேண்டாம். அச்சு மை சாப்பாட்டுல இறங்கும்ங்கிறதால உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதுக்குத் தடையே போட்டிருக்கு.

பொரிச்ச எண்ணெயை எத்தனை தடவை திரும்பப் பயன்படுத்தலாம்னும் நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கடைகளுக்கு 2018 ஜூலையில இருந்து ஒரு விதி இருக்கு. எண்ணெய் சூடாகிச் சூடாகிச் சிதையும்போது உருவாகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெய் கூடாது. வீட்டுல யாரும் அதை அளக்கப் போறதில்ல. எண்ணெய் கறுத்து, பிசுபிசுன்னு ஆகி, நுரை தங்கி நின்னா முடிஞ்சதுன்னு அர்த்தம். சித்தி ஒரு ஆர்டருக்கு ஊத்தின எண்ணெயை அடுத்த ஆர்டருக்குத் தொடறதில்ல. சின்ன வாணலியில கொஞ்சமா ஊத்தி, தடவைக்கு எட்டு எட்டா போடுவாங்க. நேரம் ஆகும், ஆனா மீதி எண்ணெய் கம்மி.

சமோசாவுக்குப் பதிலா பஃப்ஸ் செய்யலாமேன்னு கேக்கறவங்களுக்கு: அதுக்கு மாவும் கொழுப்பும் மாத்தி மாத்தி அடுக்கி, ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவுல குளிர வைக்கணும். ஏப்ரல் மாசத்துத் தருமபுரியில அந்தக் கொழுப்பு மேஜை மேலேயே உருகி ஓடிடும். பேக்கரியில வாங்கறது உங்க விருப்பம். வனஸ்பதி மாதிரி கொழுப்புகள்ல டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு 2022 ஜனவரியில இருந்து சட்டம் இருக்கு. முன்னாடிக்கு இப்ப தேவலாம்.

‘ராகிதானே?’

இந்த எபிசோடை நான் பண்ண நினைச்சதுக்குக் காரணமே இதுதான். ஒரு வளைகாப்பு ஆர்டர். எடுக்க வந்த அக்கா டப்பாவைத் திறந்து பார்த்துட்டு, “எங்கப்பாவுக்குச் சுகர், ஆனா இது ராகிதானே, ஒரு ஆறு ஏழு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதில்ல?”ன்னு கேட்டாங்க. சித்தி ஒரு நொடி கூட யோசிக்கல. “ஆகும் கண்ணு. முக்கால்வாசி மைதா, எண்ணெயில பொரிச்சது. அப்பாவுக்கு ஒண்ணு ரெண்டோட நிறுத்துங்க.” அந்த அக்கா முகம் வாடிடுச்சு. அடுத்த ஆர்டர் வேற இடத்துக்குப் போயிடுமோன்னு நான் பக்கத்துல நின்னு பயந்துக்கிட்டு இருந்தேன். ‘ஹெல்தி மில்லட் சமோசா’ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினா ஒரு சமோசாவுக்கு 2 ரூபாய் கூட்டி விக்கலாம்னு அதுக்கு முந்தின வாரம் தான் நான் சித்திக்கு யோசனை சொல்லியிருந்தேன்.

சரி, கணக்கையே போட்டுப் பார்ப்போம். கேழ்வரகோட பெரிய பெருமை கால்சியம். 100 கிராம்ல சுமார் 360 மில்லிகிராம். நாம போட்டது 60 கிராம், அப்போ மொத்தத்துக்கும் 220 பக்கம். அதை 45 சமோசாவுக்குப் பங்கு போட்டா, ஒண்ணுக்கு 5 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலுக்கு ஈடா கால்சியம் வேணும்னா இந்த 45 சமோசாவையும் ஒரே ஆள் சாப்பிடணும். அதே 60 கிராம் மாவைக் களியா கிண்டி, கீரைக் கடைசல் ஊத்திச் சாப்பிட்டா ஒரே வேளையில, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம அது உடம்புக்குள்ள போயிடும். சர்க்கரை விஷயமும் அப்படித்தான். கேழ்வரகுல நார்ச்சத்து இருக்கு, உண்மை. அதுக்காக அதுல மாவுச்சத்து இல்லாம போயிடாது. இங்க கூடவே மூணு மடங்கு மைதா வேற இருக்கு.

அப்போ எதுக்குச் சேர்க்கணும்? ருசிக்கு. வறுத்த வாசம் ஒண்ணு வருது, மைதா மட்டும் போட்ட தோலில் அது கிடையாது. கடிக்கும்போது சின்ன நறநறப்பு இருக்கும். அலமாரியில கிடக்கிற மாவுக்கும் ஒரு வேலை கிடைக்குது. எனக்கு இந்தக் காரணங்கள் போதும். சித்தியோட டப்பாவுல இப்ப ‘கேழ்வரகு வெங்காய சமோசா, மைதா சேர்த்தது’ன்னு பேனாவால எழுதியிருக்கு. அந்த அக்கா திரும்ப வந்தாங்களான்னு கேட்டா, வந்தாங்க, சீமந்தம் முடிஞ்சு குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்னைக்கு. அப்பாவுக்குன்னு தனியா கொள்ளுச் சுண்டல் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.

பார்ட்டி அன்னைக்கு

சாயந்திரம் ஆறு மணிக்கு விருந்தாளி வர்றாங்கன்னா நாலு மணிக்குப் பொரிச்சு டப்பாவுல போட்டு மூடிடாதீங்க. சூட்டோட மூடினா ஆவி மூடியில பட்டு, தண்ணியா திரும்பி சமோசா மேலேயே விழும். இவ்வளவு நேரம் விரட்டின தண்ணி வாசல் வழியாவே திரும்ப வந்த கதை. அதுக்குப் பதிலா ரெண்டு தடவை பொரிங்க. மதியமே மிதமான தீயில முக்கால் பதத்துக்கு, சத்தம் பாதி அடங்கினதும் எடுத்து, விரிச்சு ஆற விடுங்க. ஆள் வந்ததும் எண்ணெயை இன்னும் கொஞ்சம் சூடாக்கி, 180 டிகிரி பக்கம், ஒரு நிமிஷம் போட்டு எடுத்தா போதும். முதல் தடவைக்கு அப்புறம் உள்ள இருந்து தோலுக்குக் கசிஞ்ச ஈரமும் இதுல போயிடும்.

இன்னும் முன்னாடியே செய்யணும்னா, மடிச்ச பச்சைச் சமோசாவைத் தட்டுல ஒண்ணோட ஒண்ணு படாம அடுக்கி ஃப்ரீஸர்ல வையுங்க, கல்லு மாதிரி ஆனதும் கவர்ல போட்டுக் கட்டிடலாம். பொரிக்கும்போது வெளிய எடுத்து இளக விடாதீங்க, இளகினா தோல் ஈரமாகி ஒட்டும். ஃப்ரீஸர்ல இருந்து நேரா வாணலிக்கு, தடவைக்கு அஞ்சாறு மட்டும், தீ மிதமா.

கொண்டு போகணும்னா அட்டைப் பெட்டி, அடியில சாதாரண பிரவுன் பேப்பர், மூடியில நாலு ஓட்டை. சட்னி தனி டப்பாவுல.

வட்டம் வெட்டினப்போ ஓரத்துத் துண்டெல்லாம் மிச்சம் இருக்குமே, அதைத் தூக்கிப் போடாதீங்க. கடைசி ஈடுல போட்டுப் பொரிச்சு, சூட்டோட உப்பும் மிளகாய்த்தூளும் தூவினா சமைச்சவங்களுக்கு டீயோட சாப்பிட ஆச்சு. எங்க வீட்டுல அதுக்குத்தான் அடிதடியே நடக்கும்.